சித்தி விரல் வைத்த இடம்

தம்பிக்கு,

போன வாரம் நீ போனில் கேட்டாய். "அம்மா, நீ வேலை பாத்தியே ஒரு மேசை, அது உள்ளுக்குள்ள எப்படி வேலை செஞ்சுது? எங்க டீம்ல எல்லாரும் கேக்குறாங்க. இன்டர்வியூல உன் கதையத்தான் சொன்னேன். பாதி வேலை உன்னாலதான் கெடச்சுது." அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே எரியவில்லை. அந்தக் கதையை உனக்குச் சின்ன வயதிலிருந்து நான்தான் சொல்லி வளர்த்தேன், "உங்கம்மா அந்தக் காலத்துலயே கம்ப்யூட்டர் மேசை ஓட்டினவ" என்று. அதில் பாதியை மட்டும்தான் சொன்னேன். நீ அந்தப் பாதியைக் கொண்டுபோய் தொட்டு இயக்கும் மேசைகள் செய்யும் ஒரு கம்பெனியில் வைத்து வேலை வாங்கியிருக்கிறாய். மீதியை இப்போது எழுதுகிறேன். உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் நான் அதைச் செய்தது ஒரு கூட்டத்தின் நடுவில். அதனால் நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன்.

எங்கள் தெருவை உனக்குத் தெரியும். கீழ்வேளூர்ப் பக்கம், ஊர்த்தெருவிலிருந்து தள்ளி, வாய்க்காலுக்கு அந்தண்டை. என் அம்மாவும் அப்பாவும் பண்ணை நிலத்தில் நட்டு அறுத்தவர்கள். கூலி கேட்டுக் கொடி பிடித்ததற்காக என் அப்பா முதுகில் வாங்கிய அடியின் தழும்பை நீயே தடவிப் பார்த்திருக்கிறாய். நான் வளர்ந்த காலத்திலிருந்தே ஆட்சி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிக்கொண்டே இருந்தது. எது வந்தாலும் எங்கள் தெருவுக்கு ஏதாவது ஒன்று வந்தது. சத்துணவு வந்தது, சைக்கிள் வந்தது, மனைப்பட்டா வந்தது, கலர் டிவி வந்தது. சுடுகாட்டுக்கு வழி மட்டும் வரவில்லை. வாய்க்கால் கரையோடு ஒற்றையடிப் பாதை ஒன்று, அதுதான் எங்கள் வழி. ஊர்த்தெரு வழியாக எங்கள் பிணம் போனால் தகராறு வரும். அதனால் கரைப்பாதையே எங்களுக்கு எல்லாமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் நாங்கள் போனதும் அதே பாதையில்தான். நான் திருவாரூரில் கல்லூரி சேரப் போன அன்று மழை. என் சித்தி நாகம்மாள் என் சர்டிபிகேட்டுகளைப் பாலித்தீன் பையில் சுற்றித் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, சேற்றில் எனக்கு முன்னால் நடந்து பஸ் ஏற்றிவிட்டாள். எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியது நான். "நீ படிச்சதால எனக்கு முதல் பட்டதாரி சலுகை போச்சும்மா" என்று நீ கிண்டல் பண்ணுவாயே, அந்தப் பட்டம் இந்தப் பாதை வழியாகத்தான் வந்தது.

நீ ஒன்றாம் வகுப்பு படித்த வருடம் புறவழிச்சாலை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. வயலை எடுக்கிறார்கள் என்று ஊர் முழுக்கக் கொதித்துப் போயிருந்தது. அளக்க வந்தவர்களின் கல்லைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டார்கள். அப்போது அந்தத் திட்டத்தைப் பார்த்த அலுவலகத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. கல்யாண மண்டபத்தில் ஒரு பெரிய மேசையை வைத்து, அதில் ஊரின் வரைபடத்தைக் காட்டி, எங்கே பாலம் வேண்டும், எங்கே வழி வேண்டும் என்று மக்களே விரலால் தொட்டுக் காட்டட்டும் என்று முடிவு செய்தார்கள். தொட்ட இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். தவறாக வைத்துவிட்டால் அந்தப் புள்ளியை விரலால் இழுத்து மேசை ஓரத்துக்குத் தள்ளினால் போய்விடும். கடைசியில் புள்ளிகள் நிற்கும் இடங்களைப் படம் எடுத்துக்கொள்வார்கள். மேசையைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் கம்ப்யூட்டர் படித்த ஒரு பெண் வேண்டும் என்றார்கள். தற்காலிக வேலைதான். உன் அப்பா, "போ, வீட்டுக்குள்ளயே ஒக்காந்திருந்தா பயம் எப்பப் போவும்?" என்று அனுப்பினார்.

இனி நீ கேட்ட விஷயம். மேசையைக் கொண்டுவந்தவர் சென்னையில் வேலை பார்த்த சலீம் என்ற இன்ஜினியர். நாகூர்க்காரர் என்பதால் பேச்சு ஒட்டிக்கொண்டது. மேசையின் மேல்பலகை தடிமனான அக்ரிலிக். அதன் நாலு விளிம்பிலும் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். அவை விடும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அது பலகைக்குள் நுழைந்ததும் மேலேயும் கீழேயும் பட்டுப் பட்டு உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், வெளியே வராது. எனக்கு அது வரப்புகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீர் மாதிரி தெரிந்தது. வரப்பில் நண்டு வளை தோண்டினால் அந்த இடத்தில் தண்ணீர் ஒழுகுமே, அதுபோல விரலை அழுத்தி வைத்த இடத்தில் ஒளி பலகையை விட்டுக் கீழே கசியும். மேசைக்கு அடியில் ஒரு கேமரா மேலே பார்த்தபடி இருக்கும். சாதாரண வெளிச்சத்தை வடிகட்டி விட்டுவிட்டு இந்தக் கசிவை மட்டும்தான் அது பார்க்கும். பக்கத்திலேயே ஒரு புரொஜெக்டர், வரைபடத்தை மேலே வீசிக்கொண்டிருக்கும். நான் இதைச் சலீமிடம் சொன்னதும், "இந்த நண்டு உதாரணத்த நான் எடுத்துக்கிறேங்க, சென்னையில சொல்லிப் பேர் வாங்கிக்கிறேன்" என்றார்.

கம்ப்யூட்டர் செய்வது என்னவென்றால், யாருமே தொடாதபோது மேசை எப்படி இருந்தது என்ற படத்தை நினைவில் வைத்துக்கொண்டு, கேமரா அனுப்பும் ஒவ்வொரு படத்திலிருந்தும் அதைக் கழித்துப் பார்க்கும். மிச்சத்தில் பளிச்சென்று எது இருக்கிறதோ அது விரல். அடுத்த படத்தில் அதற்கு மிக அருகில் எந்தப் பொட்டு இருக்கிறதோ அது அதே விரல், நகர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளும். இரண்டு பொட்டுகள் விலகினால் படத்தைப் பெரிதாக்கும், நெருங்கினால் சிறிதாக்கும். இப்படித்தான் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கை வைத்தாலும் குழம்பாது. அது யாருடைய விரல் என்று மேசைக்குத் தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் தொட்டது யார் என்று கேட்காத ஒரு பொருளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் பளிச்சென்று என்றால் எவ்வளவு பளிச்சென்று? அதற்கு ஓர் அளவு வைக்க வேண்டும். அந்த அளவுக்குக் குறைந்த பொட்டை மேசை விரலாக எண்ணாது. அதை ஏற்றி இறக்குவது என் வேலை. முதல் நாளே சலீம் எச்சரித்திருந்தார். "ஈரம், எண்ணெய்ப் பசை இருக்குற விரல்னா பலகையில நல்லா ஒட்டும், ஒளி நல்லா கசியும். வறண்ட கைன்னா ஒட்டாது. வடை தின்ன கைன்னா மேசைக்கு ரொம்பப் பிடிக்கும். காஞ்ச கை வந்தா அளவ எறக்கிக் குடுங்க, இல்லன்னா ஈரத் துணியத் தொடச் சொல்லுங்க." இதைச் சொல்லிவிட்டு மறுநாள் காலை வேறு ஊருக்குப் போய்விட்டார். இந்த ஒன்றை மட்டும் நீ மறக்காதே, தம்பி. எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை.

அவர் போன அன்று காலையே, திட்ட அலுவலர் எல்லார் முன்னாலும் மேசையை விளக்க நின்றார். மண்டபத்தின் கிழக்கு ஜன்னலில் வெயில் நேராக அடித்தது. வெயிலிலும் அந்த ஒளி உண்டு. மேசை வெயிலை நூறு விரலாக நினைத்துக்கொண்டு, வரைபடத்தை இழுத்த இழுப்பில் எங்கள் ஊர் காணாமல் போய் நடுக்கடல் வந்து நின்றது. "சார், ரோட்டக் கடல்லயா போடப் போறீங்க, அப்ப எங்களுக்குச் சம்மதம்" என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. அலுவலர் என்னைப் பார்த்து, "படிச்சுட்டுத்தானம்மா வந்திருக்கே?" என்று கேட்டார். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. திரைகளை இழுத்துவிட்டு, அந்த அளவை மேலே, மேலே ஏற்றிவிட்டேன். அதன் பிறகு படம் அசையவில்லை. அவரும் என்னைத் திட்டவில்லை. மத்தியானத்துக்குள் வெயில் ஜன்னலை விட்டுப் போய்விட்டது. அளவை இறக்கியிருக்கலாம். இறக்கினால் திரும்பவும் படம் ஓடிவிடுமோ, திரும்பவும் அந்தக் கேள்வி வருமோ என்று பயந்து அப்படியே விட்டேன்.

முதலில் ஊர்த்தெருக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு வடையும் காப்பியும் கொடுத்தார்கள். சாப்பிட்டுக் கையைத் துண்டில் லேசாகத் துடைத்துவிட்டு வந்து தொட்டார்கள். வைத்த இடமெல்லாம் புள்ளி. பம்புசெட்டுக்கு வழி, களத்துக்கு வழி, கோயில் குளத்துக்கு வழி என்று பூத்து நின்றது. எங்கள் தெரு ஆட்கள் அறுப்பு வேலை முடித்து வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் வடை தீர்ந்துவிட்டது. அன்று முழுக்க நெல்தாளைப் பிடித்து அறுத்து, கட்டுக் கட்டி, தூசி குடித்த கைகள். மண்டபத்து ஏசி வேறு இருந்த ஈரத்தையும் உறிஞ்சிவிட்டது. ஒவ்வொருவராக வந்து வாய்க்கால் கரைமேல் விரலை வைத்தார்கள். எதுவும் வரவில்லை. "அழுத்தி வைங்க" என்றேன். அழுத்தினார்கள். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினார்கள். "இன்னும் கொஞ்சம் அழுத்தி" என்றேன். தம்பி, அளவு என் இடது கைப்பக்கம் இருந்தது. ஒரு தள்ளு தள்ளினால் போதும். நான் அவர்களை அழுத்தச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சித்தி வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஏ புள்ள, நீதானா இத ஓட்டுற?" என்றாள். அலுவலர் பக்கத்தில் நின்றார். அதுவரை நான் எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "வாங்க, எங்க வழி வேணும்னு தொட்டுக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னேன். என் சித்தியிடம், வாங்க என்று, முகம் தெரியாதவளிடம் பேசுவதுபோல. அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு விரலை வைத்தாள். வரவில்லை. எடுத்து மறுபடி வைத்தாள். வரவில்லை. பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "நம்ம கைய இதுக்கும் அடையாளம் தெரியல போலருக்குடியோவ்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அலுவலரும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவள் விடவில்லை. கூலிப் பணத்தை எண்ணும்போது செய்வதுபோல விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, வாய்க்கால் கரையில், எங்கள் பாதையும் புதுச்சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சரியாக வைத்தாள். வெள்ளைப் புள்ளி வந்தது. அந்த ஏற்றி வைத்த அளவையும் தாண்டி, பளிச்சென்று வந்தது. அங்கே சாலைக்கு அடியில் நடந்துபோக ஓர் அடிப்பாலம் வேண்டும், செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போக வழி வேண்டும் என்று எங்கள் தெரு சொன்னது அந்த ஒரு புள்ளியால்தான். அதே நேரம் அலுவலர் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, எச்சியத் தொட்டு வைக்கிறீங்க? எவ்ளோ பெரிய மெஷின். தொடைம்மா அத." கடைசிச் சொல் எனக்கு.

நான் துடைத்தேன். மேசை ஓரத்தில் ஈரத்துணி இருந்தது, சலீம் வறண்ட கைக்காரர்களுக்காக வைத்துவிட்டுப் போன துணி. அதை எடுத்து, என் சித்தி விரல் வைத்த இடத்தை, அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தீட்டுப் பட்டதைத் துடைப்பதுபோல ஒரே இழுப்பாக ஓரம் வரைக்கும் துடைத்தேன். ஈரத்துணியும் மேசைக்கு விரல்தான். புள்ளி துணியோடு நகர்ந்து, ஓரத்துக்கு வந்து, போய்விட்டது. அது போவதை நான் பார்த்தேன். என் விரலை அந்த இடத்தில் வைத்தால் திரும்ப வந்திருக்கும், என்னுடையது சமையலும் புத்தகமும் மட்டும் பழகிய விரல். வைத்திருந்தால், உனக்கெதற்கு அங்கே வழி என்று அவர் கேட்டிருப்பார். நான், "அடுத்தவங்க வாங்க" என்றேன்.

சாலை வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் மண்ணைக் கொட்டி உயர்த்திப் போட்டார்கள். களத்துக்கும் குளத்துக்கும் அடிப்பாலம் இருந்தது. எங்கள் பாதை அந்த மண்மேட்டில் முட்டி நின்றது. உன் சின்னத் தாத்தா, சித்தியின் வீட்டுக்காரர், ஐப்பசி மழையில் செத்துப்போனபோது நீயும் வந்திருந்தாய். ஊர்த்தெருப் பக்கம் போலீஸ் நின்றது. பாடையைச் சாய்த்துப் பிடித்து, வழுக்கும் சரிவில் நாலு பேர் தவழ்கிறதுபோல ஏற, மேலே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. பாதிச் சரிவில் ஒருவர் கால் வழுக்கி, சின்னத் தாத்தாவின் தலை மாலையோடு சேற்றுப் பக்கம் சாய்ந்தது. சித்தி கீழே நின்று இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தாள், எட்டாது என்று தெரிந்தும். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா மேல ஏறிப் போறாங்க?" என்று கேட்டாய். "வழிய மூடிட்டாங்கப்பா" என்றேன். மூடிட்டாங்க என்று, யாரோ செய்ததுபோல. நான் உன்னிடம் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது. அந்தச் சாவுக்குப் பிறகு சித்தி நம் வீட்டுக்கு வந்ததில்லை. உன் காதுகுத்துக்கு முதல் ஆளாக வந்தவள், நீ பிளஸ் டூ பாஸ் பண்ணியதற்கும் வரவில்லை. ஏன் என்று நீ கேட்டபோதெல்லாம் வயசாயிட்டுது, அலைய முடியல என்று சொல்லிவைத்தேன். அவள் இன்றைக்கும் களை எடுக்கப் போகிறாள்.

நீ போன் பண்ணிய பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. வியாழக்கிழமை ஊருக்குப் போனேன். சித்தி ரேஷன் கடை வரிசையில் நின்றாள். கைரேகை மெஷினில் கட்டைவிரலை வைக்கிறாள், அது ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்து வைக்கிறாள், ஏற்கவில்லை. கடைக்காரர் சலிப்போடு, "ஆயா, நாளைக்குத் தேங்காண்ணெ தேச்சுக்கிட்டு வா" என்றார். "அரிசி வாங்க வந்தா அலங்காரம் பண்ணிக்கிட்டு வரணுமா" என்றாள் சித்தி. வரிசை சிரித்தது. இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் விரலில் ஊற்றி, என் சேலையிலேயே ஒற்றி எடுத்து, "இப்ப வை சித்தி" என்றேன். ஏற்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அங்கேயே, அந்த வரிசையிலேயே சொன்னேன். "சித்தி, அன்னைக்கு மண்டபத்துல ஒன் கைய அந்த மேசை பாத்துச்சு. புள்ளி வந்துச்சு. நான்தான் தொடச்சிட்டேன்."

"தெரியும்" என்றாள். அரிசிப் பையின் வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டே சொன்னாள். "வெள்ளையா வந்துச்சே, எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நீ தொடச்சதையும் பாத்தேன்."

"பின்ன அப்பவே ஏன் சித்தி சொல்லல?"

"சொன்னா அந்த ஆளு ஒன்னத்தான் புடிச்சிருப்பான். நம்ம தெருவுலேந்து மொத மொதல்ல ஒரு புள்ள பேன்ட்டு போட்டவங்களோட சமமா நின்னுகிட்டு இருக்கு. நானே கெடுக்கச் சொல்றியா? வீட்டுக்கு வந்து நீயே சொல்லுவன்னு பாத்தேன். நீ வரல. அவரு செத்தன்னைக்கு அந்த மேட்டுக்குக் கீழ நிக்கிறப்பயாச்சும் சொல்லுவன்னு பாத்தேன். அப்பறம் நானும் வரல."

எனக்கு அழுகை வந்தது. "அழுவாத, அரிசி வாங்குற எடத்துல" என்று அதட்டினாள்.

அந்தச் சாலையை இப்போது நாலு வழியாக்கப் போகிறார்கள். மண்மேட்டை உடைத்து அகலப்படுத்தும்போது அடிப்பாலம் வைக்க முடியும், தார் போட்ட பிறகு இன்னொரு தலைமுறைக்கு முடியாது. எங்கள் தெரு நாளை, திங்கட்கிழமை, நாகப்பட்டினம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிறது. போன தடவை கேட்டபோது இங்கே வழி வேண்டும் என்று யாருமே சொல்லவில்லையே, படத்தில் ஒரு புள்ளிகூட இல்லையே என்றுதான் இத்தனை நாளும் பதில் வந்திருக்கிறது. புள்ளி இருந்தது என்று மேசையை ஓட்டியவளாகச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். ஏன் இல்லாமல் போனது என்று சொல்ல வேண்டியவளும் நான்தான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் நீ செய்யப்போகும் மேசைகளில் பிள்ளைகளும் பெரியவர்களும் கை வைக்கப்போகிறார்கள். உங்கள் மேசை இப்போது வேறு விதமாக வேலை செய்யும், விரலின் மின்சாரத்தை உணரும் என்றாய். எதை உணர்ந்தாலும் அதற்கும் ஓர் அளவு இருக்கும், அந்த அளவை யாரோ ஒருவர் வைப்பார். வைக்கும்போது யார் கையை வைத்துப் பார்த்தீர்கள் என்று ஒரு தடவை கேள். நீ கூச்சக்காரன், என்னைப் போல. கேட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், காது எரியும். எரிந்தாலும் கேள். ஒருத்தர் தொட்டு வேலை செய்யவில்லை என்றால், இன்னும் அழுத்தச் சொல்லாதே. உங்கள் அலுவலகத்தில் என் கதையைச் சொன்னாயே, இந்த மீதியையும் சொல்லிவிடு. அவர்கள் உன்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

இன்று காலை சித்திக்குப் போன் பண்ணி, "எனக்குக் கூட்டத்துல பேச வராதே சித்தி" என்று ஆரம்பித்தேன். "அதான் தெரியுமே, அன்னைக்குப் பேச்சு வந்திருந்தா பாலமும் வந்திருக்கும்" என்றாள். பிறகு நான், நாளைக்கு முதல் ஆளாக நானே பேசுகிறேன், என் பெயரையும் நம் தெருவின் பெயரையும் சொல்லித்தான் ஆரம்பிப்பேன் என்றேன்.

சித்தி, "பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

உன்
அம்மா